கனகதாசை மீட்ட வாரியம்

கனகதாசை விடுவிக்க மலைக்காரர்களுக்கு ஒரு பகல் ஆனது. திருவனந்தபுரத்தில் விமானம் விட்டு இறங்கியவனை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வாரியத்துக்கு நான்கு நாள் ஆனது. மனுஷன் தன்பாட்டுக்கு நடந்து வந்திருந்தால்கூட மறுநாள் காலைக் கஞ்சிக்கு வீட்டில் இருந்திருப்பான்.

கனகதாஸ் கேரள எல்லையோரத்தில் கொல்லயில் பக்கம் முள்ளுவிளை வார்டுக்காரன். வயது நாற்பத்தேழு. ஜெனரேட்டர் மெக்கானிக். கடலுக்கு அப்பால் துமாரி என்ற தீவில், மலையைத் தோண்டிச் செம்பு எடுக்கும் கம்பெனியில் வேலை. அந்த மலை யாருடையது என்று கம்பெனி அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. சம்பளம் ஒழுங்காக வந்தால் மலை யாருடையது என்று நம்மூரில் எவன் கேட்டுவிட்டு விமானம் ஏறுகிறான்?

மலை, அங்கேயே பிறந்து வளர்ந்த ஓவாரி மக்களுடையது. எங்கள் மலைக்கு என்ன வேண்டும் என்பதை எங்கள் கூட்டம்தான் முடிவு செய்யும் என்று அவர்கள் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் ஜெனரேட்டர் அறைக்கு வந்து கனகதாசையும், அவன் கூட வேலைக்குப் போயிருந்த அதே வார்டுக்கார வெல்டர் வினீத்தையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பதிமூன்று மாதம் போனது.

அந்தப் பதிமூன்று மாதமும் இங்கே யாரும் சும்மா இருந்தார்கள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கடல்கடந்தோர் மீட்பு வாரியம் என்று ஒன்று உண்டாயிற்று. நெய்யாற்றின்கரையில் ஒரு பேக்கரியின் மாடியில் அலுவலகம், ஒரு வெள்ளைக் கார், ஒரு தலைவர், ஒரு செயலாளர். தலைவர் சத்யநேசன் இரண்டு தேர்தலில் தோற்றவர். அவரை எங்காவது உட்கார வைக்க வேண்டியிருந்தது. செயலாளர் வினயச்சந்திரன் விதிப்புத்தகத்தை மலையாளமும் தமிழும் கலந்து மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். விதியை எழுதியவரும் அவரே. வாரியத்தின் சின்னம் புறாவா, கடலலையா, குலுக்கும் கைகளா என்று முடிவு செய்ய முதல் ஆறு மாதம் பிடித்தது. கடைசியில் மூன்றையும் போட்டார்கள். புறா கையைக் கொத்துவதுபோல் வந்துவிட்டது, இருந்தாலும் அச்சுக்குப் போய்விட்டது.

இதற்கிடையில் மலைக்காரர்கள் ஒரு பௌர்ணமிப் பகலில் கூடினார்கள். நடக்க முடியாதவர்களைத் தூக்கிவந்து உட்காரவைத்தார்கள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். கனகதாசுக்கு வயிற்றுப்புண், ஆளும் பாதியாகிவிட்டான், போகட்டும் என்று சாயங்காலத்துக்குள் முடிவானது. பணயத்தொகை என்று ஒரு சல்லிக்காசு கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. பதிமூன்று மாதத்தில் அவர்கள் பேச்சு அவனுக்கும் வினீத்துக்கும் பழகியிருந்தது. அவர்கள் சொல்லச் சொல்ல, கம்பெனியின் டீசல் கணக்குத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கனகதாஸ் தமிழில் எழுதினான். அடியில் எல்லாரும் பெருவிரல் பதித்தார்கள். “இதை உங்கள் ஊர்க்கூட்டத்தில் வாசி. உங்கள் ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியவேண்டும். அடுத்த பௌர்ணமிக்குள் தெரிந்தால் இந்தப் பையனையும் அனுப்புகிறோம்” என்றாள் கூட்டத்தை நடத்தும் ஏனுவா என்ற பெண். தெரியாவிட்டால் என்ன என்று கனகதாஸ் கேட்கவில்லை. கீழே பட்டாளம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் உள்காட்டுக்குப் போகப்போகிறார்கள். போனால் வினீத்தும் போவான். அப்புறம் அவனை யார் எங்கே தேடுவது?

மலையிறங்கித் துறைமுகம் வந்து, காகிதம் சரியாகி விமானம் ஏறுவதற்குள் நிலா முழுக்கத் தேய்ந்து, மறுபடி வளரத் தொடங்கிவிட்டது. ஊரில் கால் வைக்கும்போது பௌர்ணமிக்குப் பதினொரு நாள்தான் பாக்கி.

விமானநிலைய வாசலிலேயே செண்டைமேளம். பொன்னாடை. சத்யநேசன் மைக்கைப் பிடித்தார்.

“அன்பானவங்களே, இந்தப் பதிமூணு மாசமும் நான் உறங்கினதில்ல. உறங்கியிருந்தாலும் கனகதாசை நெனச்சாக்கும் உறங்கினது. நாப்பத்தொண்ணு கடிதம் எழுதினோம். ஒரெண்ணத்துக்கும் பதில் வரல்ல. ஏன்? பதில் எழுத அவியளுக்கு தைரியம் வரல்ல. அதாக்கும் வாரியத்துக்க பலம்!”

கைத்தட்டல். கனகதாஸ் பையிலிருந்து தாளை எடுத்தான். “சாறே, எனக்கு ஒரு காரியம் வாசிக்கணும். நம்ம வினீத்து...” என்று தொடங்கினான். செண்டைக்காரர்களுக்கு யாரோ கை காட்டினார்கள். அப்புறம் அவன் வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

பாலராமபுரத்தில் வரவேற்பு. அங்கே ஆறு கைத்தறி முண்டு கொடுத்தார்கள். நெய்யாற்றின்கரையில் வரவேற்பு. அங்கே கனகதாசை விடுவிக்கப் பாடுபட்ட பதினேழு பேருக்குக் கேடயம் கொடுத்தார்கள். நேரமாகிவிட்டதால் கனகதாசுக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள். பாறசாலையில் மேடை நடுவே ஒரு மூங்கில் கூண்டு செய்து வைத்திருந்தார்கள்.

“இது எதுக்கு சாறே?”

“நீ உள்ள இருக்கணும். நான் வந்து தொறப்பேன். நீ எறங்கி எனக்கக் கையப் பிடிக்கணும்.” சத்யநேசன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“அஞ்ச மலையில கூண்டொண்ணும் இல்ல சாறே. ஒரு வீட்டுலயாக்கும் கெடந்தேன். நானும் ஒரு பன்னிக்குட்டியும். ஒரு நாளு கூட பூட்டினதில்ல.”

“எலே, பன்னிக்குட்டிய மேடையில வச்சு என்னத்த படமெடுக்கியது? ஜனங்களுக்குக் கூண்டு வேணும். கேறு உள்ள.”

கனகதாஸ் ஏறினான். சத்யநேசன் கதவைத் தாழிட்டு, கேமராக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தாழை இழுத்தார். தாழ் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். மூங்கில் புதிது, வெயிலில் இறுகிப்போயிருந்தது. கூண்டைச் செய்துவிட்டுக் காரக்கோணம் பஸ்ஸில் ஏறி வேறு வேலைக்குப் போய்விட்ட தச்சனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வர ஒன்றரை மணிநேரம் ஆனது. அதுவரை நான்கு பேர் கூண்டுக்கு முன்னால் நின்று சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார்கள். கனகதாசின் வாழ்க்கையில் அவனை வெளியே வர முடியாமல் ஒருவர் பூட்டி வைத்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி ஷைலஜா அவன் கழுத்திலிருந்த ஒன்பது பொன்னாடையையும் உருவி எறிந்துவிட்டு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். முற்றத்தில் வினீத்தின் அம்மா லீலாபாய் நின்றிருந்தாள். தொழிலுறப்பு என்ற நூறுநாள் வேலையில் கூட்டத்தோடு தோடு என்ற ஓடைகளை வெட்டப் போகிறவள், மண்வெட்டியோடேயே வந்திருந்தாள். அவள் அழவில்லை.

“மக்கா, எனக்கப் பிள்ள திங்கியானா?”

“திங்கியான் அக்கா. கெழங்கு நெறய உண்டு. தடி வச்சிருக்கான், ஆளு பெருத்துட்டான்.”

அதைக் கேட்டதும்தான் அவள் முற்றத்தில் உட்கார்ந்து அழுதாள். கனகதாஸ் தாளைக் காட்டிச் சொல்ல வேண்டியதைச் சொன்னான். ஏழு நாள்தான் பாக்கி என்றான்.

மறுநாள் மூன்று பேரும் பேக்கரி மாடிக்குப் போனார்கள். வினயச்சந்திரன் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். மறுபக்கத்து டீசல் கணக்கைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“இது ஆரு எழுதினது?”

“நானாக்கும் சாறே. அவிய சொல்லச் சொல்ல.”

“அப்போ இது கனகதாசின்றெ கடிதம். கனகதாஸ் கனகதாசையே வாசிக்கச் சொல்லி வேறொருத்தருக்க பேரில் எழுதின கடிதம். சங்கதி மனசிலாயோ?” அவர் ஒரு பட்டியலை எடுத்து விரலால் ஓட்டினார். “ஓவாரி... ஓவாரி... அங்ஙனெ ஒரு ஜனமே நம்முடெ லிஸ்டில் இல்லல்லோ. இல்லாத்த ஜனம் எங்ஙனெ ஒரு ஆளைப் பிடிக்கும்?”

“என்னப் பிடிச்சினும் சாறே. பதிமூணு மாசம்.”

“அது அவங்களோட தப்பு. முதல்ல லிஸ்டில் வரணும், பிறகல்லே பிடிக்கணும்.”

அவர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். விதி பதினான்கின்படி மீட்கப்பட்டவர் தொண்ணூறு நாளைக்குப் பொதுமேடையில் பேசக்கூடாது. அப்படியானால் நாலு நாளாக என்னை ஏன் மேடையேற்றினீர்கள் என்று கனகதாஸ் கேட்டான். மேடையில் உன்னை யார் பேசவிட்டது என்றார் வினயச்சந்திரன். அது நியாயமாகத்தான் இருந்தது. மேலும், அவனை மலைக்காரர்கள் விட்டுவிட்டார்கள் என்பதற்கு அவர்கள் முத்திரை வைத்த விடுதலைச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாததால் வாரியத்தின் கணக்கில் அவன் இன்னும் பிடிபட்டவனாகத்தான் இருக்கிறான்.

லீலாபாய் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “சாறே, எனக்க மவன் அஞ்ச இருக்கியான். இந்தக் கடலாசு வாசிச்சா வருவான். இதுல ஒங்களுக்கு என்ன செரமம்?”

“அம்மா, வாரியம் ஒரு ஆளை மீட்டுத் தந்திட்டுண்டு. இரண்டாமத்த ஆளுக்கு தனி ஃபயல் திறக்கணும். திறக்க ஒரு கம்மிட்டி வேணும். கம்மிட்டிக்கு ஒரு சின்னம் வேணும்...”

மூன்று நாள் நடந்தார்கள். மூன்றாம் நாள் வினயச்சந்திரன் பேக்கரியிலிருந்து பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் ஷைலஜாதான் சொன்னாள். “ஊர்க்கூட்டம்னுதானே அவிய கேட்டாவ? நமக்கு கிராமசபை உண்டுல்லியா? வார்டுல ஓட்டுள்ளவன் ஆரானாலும் எழும்பிப் பேசலாம்னு சட்டம் உண்டு. வாரியத்துக்க விதி அஞ்ச செல்லுமா?”

நேராக வார்டு மெம்பர் பிரேமகுமாரி வீட்டுக்குப் போனார்கள். அவள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

“கனகண்ணா, கிராமசபை கழிஞ்சாச்சே.”

“எப்போ?”

“வாற ஞாயிறு.”

விஷயம் இதுதான். வார்டில் பத்தில் ஒரு பங்கு ஆள் வந்தால்தான் சபை செல்லும். முட்டைக்கோழி, ஆட்டுக்குட்டி கொடுக்கும் நாளைத் தவிர எவனும் வருவதில்லை. அதனால் பதிவேட்டை வீடுவீடாகக் கொண்டுபோய் முன்கூட்டியே ஒப்பு வாங்கிவிடுவார்கள். கையெழுத்தை இங்கே ஒப்பு என்றுதான் சொல்வது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போன புதன்கிழமையே முடிந்து, குடிநீர்ப் பிரச்சினை விரிவாக விவாதிக்கப்பட்டு, தேநீருடன் இனிதே நிறைவுற்றிருந்தது. எல்லாம் எழுத்தில்.

“மெம்பரே, இந்தத் தடவை நெசமாட்டே நடத்துங்க,” என்றான் கனகதாஸ்.

பிரேமகுமாரி பயந்துபோனாள். “நெசமாட்டா? ஆளுக்கு எங்க போவேன்? வந்தா எங்க இருத்துவேன்? அங்கணவாடியில மொத்தம் பதினஞ்சு நாற்காலி, அதும் பிள்ளியளுக்கு உள்ளது.”

“ஆளு நான் கொண்டுவாறேன்,” என்றாள் லீலாபாய். “தொழிலுறப்புல எழுவது பேரு உண்டு. ஒவ்வொருத்தியும் அவளுக்க மாப்பிளய இழுத்துட்டு வந்தா முடிஞ்சுதே. இருக்க நாற்காலி வேண்டாம். தோட்டுக்குள்ள நிக்கிற எங்களுக்கு தரையில இருக்கத் தெரியாதா?”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மூன்று மணிக்கு அங்கன்வாடி முற்றத்தில் நூற்று அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோழி கிடையாது என்று முதலிலேயே சொல்லியாயிற்று. யாரும் நம்பவில்லை, அதனால்தான் வந்திருந்தார்கள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் பாக்கி.

பிரேமகுமாரி எழுந்து வரவேற்றுப் பேசத் தொடங்கும்போதே வெள்ளைக் கார் வந்து நின்றது. வினயச்சந்திரன் விதிப்புத்தகத்தோடு இறங்கினார். “ஒரு நிமிஷம். இந்த ஆளு பேசான் பாடில்ல, பேசக்கூடாது. வாரியத்தின்றெ கணக்குப்படி இவர் இப்பொழும் பிடியிலாணு. பிடியில் இருக்கிற ஆளுக்குக் கிராமசபையில் எந்தா காரியம்?”

லீலாபாய் எழுந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து இரண்டு மூன்று பெண்கள் அவள் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

ஷைலஜா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“சாறே, கழிஞ்ச வருஷத்துக்க சபை இது. நாலு தடவை. நாலுலயும் கனகதாஸ்னு ஒப்பு உண்டா, இல்லியா?”

வினயச்சந்திரன் பார்த்தார். இருந்தது. தெளிவாக, கொஞ்சம் பெண்பிள்ளைக் கையெழுத்துப்போல.

“மெம்பர் கொண்டுவரச்சில வீட்டுல உள்ள எல்லாருக்கும் நானாக்கும் ஒப்பு போட்டது. இப்போ நீங்க சொல்லுங்க. இவிய அன்னைக்கு மலையிலயா இருந்தாவ, சபையிலயா இருந்தாவ?”

விதி தெரிந்தவர் என்பதால் வினயச்சந்திரனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சபையில் இருந்தான் என்றால் அவன் பிடிபடவே இல்லை. அவன் பிடிபடவில்லை என்றால் வாரியம் யாரையும் மீட்கவில்லை. வாரியம் யாரையும் மீட்கவில்லை என்றால் அந்த வெள்ளைக் கார் எதற்கு? சரி, மலையில் இருந்தான் என்றால் பதிவேடு பொய். பொய் என்று எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தவர், அதே பக்கத்தின் அடியில் ‘வாரியத்தின் சார்பில் பங்கேற்றவர்’ என்ற இடத்தில் வினயச்சந்திரன் என்று தன் ஒப்பே இருப்பதைக் கண்டார். அந்தப் பதிவேடு பேக்கரி மாடிக்கும் வந்து போயிருந்தது.

அவர் பதிவேட்டை மெதுவாக மூடினார். “ஞான் சும்மா காணான் வந்ததாணு,” என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார்.

கனகதாஸ் வாசித்தான். ஷைலஜா கைபேசியில் படம் எடுத்தாள்.

“நாங்கள் இந்த மலையின் ஆட்கள். இங்கே தோண்டலாமா என்று எங்கள் கூட்டத்தில் வந்து கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்போம். அதனால்தான் யாரும் வந்து கேட்கவில்லை. எங்கள் ஆற்றில் இப்போது மீன் இல்லை. உங்கள் ஊரிலிருந்து வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் தேவை இருப்பவர்கள். அவர்கள் ஏன் தங்கள் வீட்டுப்பக்கமே பிழைக்க முடியவில்லை என்று நாங்கள் பேசிப் பார்த்தோம், எங்களுக்கு விளங்கவில்லை. இந்த இரண்டு பேரைப் பிடித்தது தவறு என்று எங்களில் பாதிப்பேர் சொல்கிறார்கள். வேறு எப்படி உங்களைக் கேட்கவைப்பது என்று மீதிப்பேர் கேட்கிறார்கள். இனி இங்கே வரும் யாரும் எங்களிடம் கேட்டுவிட்டு வரட்டும். எங்கள் மலையில் எங்கள் சொல் நடக்கட்டும். நீங்கள் உட்கார்ந்து கேட்டதற்கு நன்றி.”

பின்னாலிருந்து ராஜையா என்ற ரப்பர் வெட்டுகிறவர் கேட்டார்: “நம்மகிட்ட ஆரெங்கிலும் இப்பிடி கேட்டிட்டுண்டா? குளத்த மண்ணடிச்சு மூடினப்போ கேட்டாவளா?” அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. மலை அந்த மலைக்காரர்களுக்கே என்று தீர்மானம் எழுதச் சொன்னார். பிரேமகுமாரி எழுதினாள். எல்லாரும் கை தூக்கினார்கள். தூக்கினால் கோழி உண்டு என்று நினைத்தவர்களும் அதில் இருக்கலாம். முள்ளுவிளை வார்டின் வரலாற்றில் கூட்டம் நிஜமாகவே நடந்து எழுதிய முதல் தீர்மானம் அது. தாளின் ஓரத்தில் ஏனுவா எழுதவைத்திருந்த கைபேசி எண்ணுக்குப் படம் அன்றைக்கே போனது.

செவ்வாய்க்கிழமை, பௌர்ணமி. யாரும் அழைக்காமலே காலையில் அதே முற்றத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். தொழிலுறப்புப் பெண்கள் வேலைக்குப் போகவில்லை. வினயச்சந்திரனும் வந்திருந்தார். ‘வாரியத்தின் இடைவிடாத முயற்சியால் வினீத் விடுதலை’ என்ற அறிக்கை, தேதி மட்டும் காலியாக, சத்யநேசன் ஒப்பு போட்டு அவர் பையில் இருந்தது.

பதினொரு மணிக்குக் கைபேசி அடித்தது. திரையில் மரம், வானம், ஒரு மூக்கு. அப்புறம் வினீத்.

“அம்மா... படத்த கண்டாச்சு. ரெண்டு தடவ போட்டுக் கண்டாவ. நீ கை தூக்கினதயும் கண்டாவ. நாளைக்கு காலையில நான் எறங்கியேன்மா.”

லீலாபாய் கைபேசியை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். திரையில் அவள் கன்னம் மட்டும்தான் தெரிந்திருக்கும். “வா மக்கா. வா,” என்றாள். முற்றம் முழுக்கப் பெண்கள் அழுதார்கள்.

அப்போது திரைக்குள் ஏனுவா வந்து ஏதோ சொன்னாள். வினீத் அதைத் தமிழில் சொன்னான்.

“அவிய கேக்கியாவ... நீங்க எங்களுக்க காரியத்த இருந்து கேட்டியளே. இன்னைக்கு கூட்டம் சாயங்காலம் வர உண்டு. ஒங்க ஊருல ஆருக்கெங்கிலும் எதெங்கிலும் சொல்லணும்னா சொல்லுங்க. நாங்க இருந்து கேக்கோம்.”

முற்றத்தில் சிரிப்பு எழுந்தது. பிறகு அது நின்றது. ராஜையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து வந்து கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தார். குளத்தைப் பற்றிச் சொன்னார். வினீத் மொழிபெயர்த்தான். அங்கே யாரோ திருப்பிக் கேள்வி கேட்டார்கள்: குளம் எத்தனை ஆள் ஆழம்? அவருக்கு எழுபத்திரண்டு வயதில் முதல்தடவையாக ஒருவர் அதைக் கேட்கிறார். அவருக்குப் பின்னால் சுகுமாரி நின்றாள், விதவைப் பென்ஷன் நின்றுபோனதைச் சொல்ல. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிரேமகுமாரியே நின்றாள், மெம்பரானதிலிருந்து தான் சொல்வதை மேலே ஒருவரும் கேட்பதில்லை என்று சொல்ல. வரிசை அங்கன்வாடி வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது.

கனகதாஸ் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டே கடைசிக்கு வந்தான். அங்கே வினயச்சந்திரன் நின்றிருந்தார். காரைத் திருப்பி அனுப்பிவிட்டார் போல.

“சாறுக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல.” அவர் கீழே பார்த்தார். “என்றெ பிரமோஷன் ஃபயல்... ஆறு வருஷமாயி. ஆரும் வாசிச்சு நோக்கினதில்ல.” பிறகு அவசரமாக, “அவங்களுக்கு எந்த ஃபாரத்தில் எழுதிக் கொடுக்கணும்?” என்று கேட்டார்.

“ஃபாரம் ஒண்ணும் வேண்டாம் சாறே. பேரச் சொல்லிட்டு முன்னால இருந்தா போதும்.”

வினயச்சந்திரன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள், அந்த அறிக்கையோடு சேர்த்துத் திணித்துவிட்டு, தனக்கு முன்னால் நிற்கிறவளிடம் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள், சாயங்காலத்துக்குள் தன் முறை வந்துவிடுமா என்று கேட்டார்.